கிருபை இலவசம் என்றால் காணிக்கை உறை எதற்கு?

கேள்வி கேட்டவர் கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் லுத்தரன் சபையில் சேர்ந்தவர். அவர் வளர்ந்த சபையில் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்று, கட்டாயம். கொடுக்காவிட்டால் ஆசீர்வாதம் நின்றுபோகும் என்று பயமுறுத்துவார்களாம். இங்கே ஆயர் "கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு" என்று பிரசங்கம் செய்கிறார், அடுத்த பத்தாவது நிமிடம் காணிக்கைப் பை வருகிறது. வாசலில் தன்னார்வலர் பட்டியல் தொங்குகிறது. ஆராதனை முடிந்து நழுவப் பார்த்தால் "இருங்க, தேநீர் குடிச்சிட்டுப் போலாம்" என்று கையைப் பிடிக்கிறார்கள். எவ்வளவு கொடுப்பது, நேரமே இல்லாதவன் என்ன செய்வது, கட்டாயம் நின்று பேசித்தான் ஆகவேண்டுமா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "எல்லாம் இலவசம் என்று சொல்லிவிட்டு ஏன் உறை நீட்டுகிறார்கள்?"

நான் இறையியல் படித்தவன் அல்ல. ஒரு லுத்தரன் சபையில் பதினோரு வருடம் காணிக்கை எண்ணியவன், அதில் நான்கு வருடம் பொருளாளர். அதனால் பதிலில் கொஞ்சம் கணக்குப்பிள்ளை வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1517-ல் எழுதிய 95 கோட்பாடுகள் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைப் பற்றியவை என்பது பலருக்கும் தெரியும். காசு கொடுத்தால் பாவத்துக்கான தண்டனை குறையும் என்று அன்றைய சபை விற்ற சீட்டு அது. அதற்குள்ளேயே தருமத்தைப் பற்றி ஒரு கொத்து இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏழைக்குக் கொடுப்பவனும் இல்லாதவனுக்குக் கடன் தருபவனும் சீட்டு வாங்குகிறவனைவிட நல்லதைச் செய்கிறான் என்கிறது 43-ஆவது. 45-ஆவது இன்னும் காரம். கஷ்டப்படுகிறவனைக் கண்டும் காணாமல் போய்விட்டுச் சீட்டுக்குப் பணம் கொடுக்கிறவன், மன்னிப்பை வாங்கவில்லை, தேவகோபத்தைத்தான் வாங்குகிறான் என்கிறது. அடுத்த 46-ஆவதை உங்கள் மனைவியிடமும் வாசித்துக் காட்டுங்கள்: தேவைக்கு மிஞ்சி இல்லாதவர்கள் வீட்டுச் செலவுக்கு வேண்டியதை எடுத்துவைக்கக் கடமைப்பட்டவர்கள், அதைச் சீட்டுக்கு வீணாக்கக் கூடாது.

அதுவரை ஏழைக்குக் கொடுப்பது என்பது பெரும்பாலும் கொடுப்பவனின் கணக்கில் புண்ணியம் சேர்க்கும் காரியம். பிச்சைக்காரன் ஒரு ஏணிப்படி. அவன்மேல் மிதித்து நாம் மேலே போகலாம். மேலே போவதற்கு ஏணியே வேண்டாம், அது ஏற்கனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்று லூத்தர் சொன்னதும் படியாக இருந்தவன் மறுபடி மனுஷன் ஆகிவிட்டான். இனி அவனுக்குக் கொடுப்பதால் நமக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. கொடுக்க ஒரே காரணம், அவனுக்குத் தேவைப்படுகிறது. 1520-ல் எழுதிய 'கிறிஸ்தவனின் சுதந்திரம்' என்ற சிறு நூலில் இதையே லூத்தர் இரண்டு வாக்கியமாக வைத்தார்: கிறிஸ்தவன் எவனுக்கும் கீழ்ப்பட்டவன் அல்ல, கிறிஸ்தவன் எல்லோருக்கும் வேலைக்காரன். இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவை.

"கடவுளுக்கு உன் நற்செயல் தேவையில்லை, உன் அயலானுக்குத்தான் தேவை" என்ற வாசகத்தை லூத்தர் சொன்னதாகப் படம் போட்டுப் பகிர்கிறார்கள். கருத்து அவருடையதுதான். அந்த வடிவில் சுருக்கித் தந்தவர் இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்வீடன் இறையியலாளர் குஸ்தாஃப் விங்ரேன்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. புண்ணியக் கணக்கு போனதும் ஜனங்கள் கையை மூடிக்கொண்டார்கள். பழைய காலத்தில் மடங்களுக்கும் பூசைகளுக்கும் அள்ளிக் கொடுத்தவர்கள் இப்போது ஒரு ஆயரையும் நாலு ஏழைகளையும் காப்பாற்ற மூக்கால் அழுகிறார்கள் என்று லூத்தர் திரும்பத் திரும்பப் புலம்பியிருக்கிறார். பயத்தை எடுத்துவிட்டால் எத்தனை பேர் கொடுப்பார்கள் என்பது அன்றைக்கே வந்த கேள்வி. உங்கள் பழைய சபை பயத்தைத் திரும்பக் கொண்டுவந்து அதற்கு விடை கண்டது. லுத்தரன் சபை அந்த வழியில் போகக் கூடாது, போனால் அது லுத்தரன் சபையே இல்லை.

சரி, எவ்வளவு? புதிய ஏற்பாட்டில் பத்தில் ஒன்று என்று சபைக்கு விதித்த கட்டளை கிடையாது. அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கட்டும் என்கிறார். இரண்டாம் நிருபத்தில் "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்கிறார். பத்தில் ஒன்றை ஒரு அளவுகோலாகச் சொல்லும் லுத்தரன் ஆயர்களும் இருக்கிறார்கள். அளவுகோலாக வைத்துக்கொள்வதில் தப்பில்லை, தடியாகத் தூக்கினால்தான் தப்பு.

பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: தொகையைவிட ஒழுங்கு பெரிய உதவி. பண்டிகைக்கு ஒரு பெரிய நோட்டைப் போட்டுவிட்டு எட்டு மாதம் காணாமல் போகிறவரை வைத்து ஒரு சபையால் எதையும் திட்டமிட முடியாது. ஆலயத்தின் மின்கட்டணத்துக்கு உங்கள் மனநிலை தெரியாது. வருமானத்தில் ஒரு பங்கைத் தீர்மானியுங்கள். மூன்றில் ஆரம்பித்தாலும் சரி, ஐந்தில் ஆரம்பித்தாலும் சரி, நூற்றுக்கு இவ்வளவு என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடனில் இருந்தால் முதலில் கடனை அடையுங்கள். கடன் கொடுத்தவரும் உங்கள் அயலான்தான். அவருக்குச் சேர வேண்டியதைப் பையில் போடுவது தருமம் இல்லை. லூத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற போதனைக் கையேட்டில் "களவு செய்யாதே" என்ற கட்டளைக்குத் தரும் விளக்கம், எடுக்காமல் இருப்பதோடு நிற்பதில்லை. அயலானின் சொத்தையும் பிழைப்பையும் பாதுகாத்துப் பெருக்க உதவ வேண்டும் என்று முடிகிறது.

எல்லா லுத்தரன் சபைகளிலும் பை மட்டும்தான் வழி என்றும் இல்லை. ஜெர்மனியில் வருமான வரியோடு சபை வரியையும் அரசே வசூலித்துக் கொடுக்கிறது: பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பர்க்கிலும் வருமான வரியில் நூற்றுக்கு 8, மற்ற மாநிலங்களில் 9. ஸ்வீடனில் 2000-ஆவது ஆண்டில் அரசும் சபையும் பிரிந்தன, ஆனாலும் உறுப்பினர் கட்டணத்தை வரித்துறைதான் வசூலிக்கிறது. மற்றப் பல நாடுகளில் உறையும் சந்தாவும் மட்டுமே.

பணம் எங்கே போகிறது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கதை இங்கேதான் வருகிறது.

ஜெர்மனியின் சாக்சனியில் லைஸ்னிக் என்று ஒரு சிற்றூர். 1523-ல் அந்த ஊர்ச் சபையார் ஒரு பொதுப்பெட்டி வைப்பது என்று தீர்மானித்து விதிகள் எழுதினார்கள். லூத்தர் அதற்கு முன்னுரை எழுதி அச்சிடக் கொடுத்தார். பெட்டிக்கு நான்கு பூட்டு. நான்கும் வெவ்வேறு பூட்டு. ஒரு சாவி பிரபுக்களிடம், ஒன்று நகர மன்றத்திடம், ஒன்று ஊர் மக்களிடம், ஒன்று சுற்றுவட்டாரக் குடியானவர்களிடம். நான்கு பேரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். குடியானவன் தன் சாவியோடு வராவிட்டால் பிரபு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பதினாறாம் நூற்றாண்டில் இது சின்ன விஷயம் இல்லை.

பெட்டியை நடத்தப் பத்துப் பேர்: பிரபுக்களில் இரண்டு, நகர மன்றத்தில் இரண்டு, ஊர் மக்களில் மூன்று, குடியானவர்களில் மூன்று. வருடா வருடம் தேர்தல். ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினொரு மணி முதல் இரண்டு மணிவரை உட்கார்ந்து யாருக்கு என்ன தேவை என்று பேசி முடிவெடுக்க வேண்டும். வருடத்தில் மூன்று முறை ஊரைக் கூட்டிக் கணக்குச் சொல்ல வேண்டும். ஆயர் சம்பளம், பள்ளிக்கூடம், பெண்பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை, அநாதைப் பிள்ளைகள், உடம்புக்கு முடியாதவர்கள், தொழில் தொடங்கக் கடன் கேட்கும் ஏழைகள், புதிதாக ஊருக்கு வந்து குடியேறியவர்கள், பஞ்சத்துக்குத் தானிய இருப்பு என எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து. போதாமல் போனால் எல்லோருக்கும் ஆண்டு வரி என்றும் ஒரு விதி வைத்திருந்தார்கள். மனசு வந்து கொடுப்பதை மட்டும் நம்பி அவர்களும் உட்காரவில்லை.

இது அப்படியே நடந்ததா என்றால், இல்லை. நகர மன்றம் தன் கையில் இருந்த பழைய ஆலயச் சொத்துகளைப் பெட்டிக்கு ஒப்படைக்க மறுத்தது. இழுபறியில் லூத்தரே தலையிட்டு ஆட்சியாளருக்குக் கடிதம் எழுதினார். அழகான விதிமுறை, அசிங்கமான சண்டை. சபைக் கமிட்டியில் இருந்தவர்களுக்கு இது புதிதாகவே தெரியாது. ஆனாலும் அந்தப் பொதுப்பெட்டி யோசனை நிலைத்தது. லூத்தரின் நண்பரும் விட்டன்பர்க் ஆயருமான யோகான்னஸ் புகன்ஹாகன் 1528-ல் பிரவுன்ஷ்வைக் நகரத்துக்கு எழுதிய சபை ஒழுங்கில் இன்னொரு படி போனார்: ஏழைகளுக்கு ஒரு பெட்டி, ஆயர் சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் வேறொரு பெட்டி. கூரை ஒழுகினால் விதவையின் பங்கில் கை வைக்க முடியாது. இன்றைக்கும் ஒரு சபையின் கணக்கைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். உதவி நிதியும் பராமரிப்பு நிதியும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்து கிடந்தால் நான் கவலைப்படுவேன்.

கொடுப்பதால் நமக்குப் புண்ணியம் கிடைப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா, அதிலிருந்துதான் இந்தக் கணக்குப் பிடிவாதமே வருகிறது. புண்ணியத்துக்காகப் போட்ட பணம் பையில் விழுந்ததோடு தன் வேலையை முடித்துவிடும், அப்புறம் அது எங்கே போனால் என்ன? அயலானுக்காகப் போட்டது அவன் கைக்குப் போய்ச் சேரும்வரை முடிவதில்லை. பவுலும் எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைத் தான் மட்டும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தக் கூடாது என்று, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட்டிக்கொண்டார்.

எங்கள் சபையில் எண்ணும் அறை பீடத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறை. ஒரு மேசை, நான்கு நாற்காலி, சுவரில் பழைய கடிகாரம். எண்ணுகிறவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. பையைக் கவிழ்த்ததும் முதலில் உறைகளைத் தனியே எடுப்போம், உறையின் மேல் எழுதிய தொகையும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்று பார்ப்போம். நோட்டு ஒரு பக்கம், சில்லறை ஒரு பக்கம். ஒருவர் எண்ணி முடித்ததை மற்றவர் முதலிலிருந்து எண்ணுவார். இரண்டு எண்ணும் ஒத்துவந்தால் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து. ஒத்துவராவிட்டால் மறுபடி. ஒருநாள் ஒரே ஒரு காசு குறைந்து மூன்று முறை எண்ணினோம். அது பையின் தையலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. என்னோடு எண்ணியவர், "ஒரு காசுதானே, என் பையிலிருந்து போட்டுவிடுகிறேன்" என்றார். வேண்டாம் என்றேன். ஒரு காசைப் போட்டுச் சரிக்கட்டப் பழகிய கை நாளைக்கு ஒரு நோட்டை எடுத்தும் சரிக்கட்டும்.

உறைகளில் ஒன்று எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளையுடையது. உள்ளே இரண்டு நாணயம், கூடவே நான்காக மடித்த ஒரு தாள். தாளில் ஒரு நாய்ப் படம், "இது உங்களுக்கு" என்று எழுதியிருந்தது. நாணயத்தைக் கணக்கில் ஏற்றினோம். நாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டினோம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், இது எனக்கு வருத்தமான விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு சபையில், பெயர் வேண்டாம், வருடாந்தரக் கூட்டத்தில் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலைத் தொகையோடு வாசித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஒரு குடும்பம் வரவில்லை. விசாரித்தால், வீட்டில் ஆறு மாதமாகச் சம்பளம் இல்லை. அதாவது, அந்தப் பட்டியலில் இருந்தவர் உதவி நிதியிலிருந்து பணம் பெற வேண்டியவர். பெட்டியை வைத்துக்கொண்டு, பெட்டி யாருக்காக இருக்கிறதோ அவரையே வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். மொத்தக் கணக்கை எவ்வளவு வேண்டுமானாலும் பலகையில் ஒட்டுங்கள். தனி ஆளின் தொகை பொருளாளரோடு நிற்க வேண்டும். உங்கள் சபையில் பெயர் வாசிக்கும் பழக்கம் இருந்தால், சண்டை போடாமல் கமிட்டியில் ஒரு கடிதம் கொடுங்கள்.

கணக்கோடு சேர்ந்து, பணம் போன இடத்தின் கதையும் கொடுத்தவரிடம் திரும்பி வர வேண்டும். ஹாலே நகரத்து ஆயர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்க்கே இதில் கெட்டிக்காரர். 1695-ல் அவர் வீட்டு உண்டியலில் யாரோ 4 தாலர் 16 குரோஷன் (அந்தக் கால ஜெர்மன் நாணயங்கள்) போட்டிருந்தார்கள். அதைக் கொண்டு புத்தகம் வாங்கி, ஒரு ஏழை மாணவனைச் சம்பளத்துக்கு வைத்து, ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கினார். அது பள்ளிக்கூடங்களும் அநாதை இல்லமும் மருந்தகமும் அச்சகமுமாக வளர்ந்தது. 1706-ல் லுத்தரன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய பிறகு, 1710 முதல் அவர்களுடைய கடிதங்களை ஹாலேயில் அச்சிட்டுத் தந்தார்கள். எங்கோ ஜெர்மன் ஊரில் சில நாணயம் கொடுத்த ஒருவர், அது என்ன ஆனது என்று வாசிக்க முடிந்தது. மறுபடி கொடுத்தார்.

ஆனால் கொடுப்பவர் சாவியும் தன்னிடமே இருக்கட்டும் என்று நினைத்தால் வேறு வம்பு. எத்தியோப்பியாவின் மெக்கானே யேசுஸ் லுத்தரன் சபை 1972-ல் வெளிநாட்டுக் கொடையாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. வளர்ச்சித் திட்டம் என்றால் பணம் தருகிறீர்கள், நற்செய்திப் பணிக்கும் அதற்கு ஆட்களைப் பயிற்றுவிக்கவும் கேட்டால் தயங்குகிறீர்கள். மனிதனை இரண்டாக வெட்டுகிறீர்கள் என்பது அதன் சாரம். வாங்குகிற சபை கொடுக்கிற சபைகளிடம் அப்படி நிமிர்ந்து பேசியது இன்றைக்கும் வாசிக்கத் தகுந்தது. சின்ன அளவில் இது நம் சபையிலும் நடக்கும்: "என் பணத்தில் கோபுரத்துக்கு மட்டும் வண்ணம் அடியுங்கள்" என்று வருவார்கள். பொருளாளர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார், உள்ளுக்குள் அழுவார்.

இனி நேரம். உங்களுக்கு இரண்டு வேலை, கைக்குழந்தை, படுத்த படுக்கையாக ஒரு மாமனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வாசலில் தொங்கும் பட்டியலில் பெயர் இல்லை என்று குற்றவுணர்வு எதற்கு? லுத்தரன் போதனையில் கடவுளின் அழைப்பு என்பது ஆலயத்துக்குள் நடக்கும் வேலைக்கு மட்டும் வைத்த பெயர் இல்லை. 1522-ல் திருமணத்தைப் பற்றி எழுதும்போது லூத்தர், விசுவாசத்தோடு பிள்ளையின் அழுக்குத் துணி துவைக்கும் தகப்பனைப் பார்த்து ஊர் சிரிக்கலாம், கடவுளோ தூதர்களோடு சேர்ந்து மகிழ்ந்து சிரிக்கிறார் என்கிறார். மாமனாரின் படுக்கை விரிப்பை நீங்கள் மாற்றுவது ஊழியத்துக்கு இடைஞ்சல் இல்லை, அதுவே ஊழியம். இதை உங்களிடம் சொல்லாமல் "ஒரு மணி நேரம்கூடக் கர்த்தருக்கு இல்லையா" என்று கேட்கிறவர் இருந்தால், அவர் லூத்தரை வாசிக்கவில்லை.

அதற்காகச் சபை வேலை யார் தலையிலாவது விழட்டும் என்றும் விட முடியாது. எங்கும் இதே கதைதான்: அதே மூன்று பேர் பாடகர் குழுவில் இருப்பார்கள், அவர்களே மேசை போடுவார்கள், அவர்களே பாத்திரம் கழுவுவார்கள், ஐந்தாம் வருடம் கசந்துபோய் வேறு சபைக்குப் போவார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் இந்தப் பிரச்சினைதான். கிரேக்கு பேசும் விதவைகள் அன்றாட உதவிப் பங்கீட்டில் விடுபட்டுப்போனார்கள், முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் இன்னும் அதிகமாக உழைக்கிறோம் என்று சொல்லவில்லை, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஆகவே எடுத்தால் சின்ன வேலையாக, முடியும் தேதியோடு எடுங்கள். "மூன்று மாதத்துக்கு, மாதத்தில் ஒரு ஞாயிறு, நாற்காலி அடுக்குவேன்." இப்படிச் சொல்பவரைக் கமிட்டி கொண்டாடும், "என்ன வேண்டுமானாலும் செய்கிறேன்" என்பவரை அல்ல. அவரை மூன்றாம் வாரம் தேட வேண்டியிருக்கும்.

பெரிய காரியங்களும் இப்படித்தான் ஆரம்பித்தன. ஜெர்மன் இறையியலாளர் யோகான் ஹின்ரிக் விக்கர்ன் 1833-ல் ஹாம்பர்க் அருகே தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு 'ரவுஹஸ் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கினார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்ததால் 1839-ல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்தி வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் இன்று ஆலயங்களில் மெழுகுவர்த்தி ஏற்றும் அட்வெந்து வளையம் அதிலிருந்து வந்தது. ஆயர் வில்ஹெல்ம் லோஹே 1854-ல் நொய்யன்டெட்டல்சாவ் என்ற ஜெர்மன் கிராமத்தில் பெண்களுக்கு டீக்கனஸ், அதாவது சபையின் சேவைப் பணிப்பெண், பயிற்சி கொடுத்தார். நோயாளிகளைக் கவனிப்பதைப் படித்துச் செய்யும் வேலையாக்கியவர்களில் அந்தப் பெண்களும் உண்டு. 1945-ல் தொடங்கிய 'லுத்தரன் வேர்ல்டு ரிலீஃப்' அமைப்புக்காக அமெரிக்க ஆலயக் கூடங்களில் வயதான பெண்கள் பழைய துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கிறார்கள். 60 அங்குலத்துக்கு 80 அங்குலம், உலகின் எந்த அகதி முகாமிலும் ஒரு ஆள் போர்த்திக்கொள்ளும் அளவு. நிற்க முடியாதவர், மேடையேறக் கூச்சப்படுகிறவர், கையில் காசில்லாதவர் எல்லோருக்கும் அந்த மேசையில் இடம் இருக்கிறது.

கடைசியாகத் தேநீர். இதைத்தான் நீங்கள் உதிரி விஷயம் போலக் கேட்டிருக்கிறீர்கள். என் கணக்கில் மற்ற இரண்டும் இதில்தான் நிற்கின்றன.

லுத்தரன் விசுவாச அறிக்கைகளில் ஒன்றான, 1537-ஆம் ஆண்டின் ஷ்மால்கால்ட் கோட்பாடுகளில், நற்செய்தி நம்மிடம் எந்தெந்த வழியில் வருகிறது என்று லூத்தர் எண்ணிச் சொல்கிறார்: பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பு அறிவிப்பு. அதோடு நிறுத்தாமல், சகோதரர்கள் ஒருவரோடொருவர் பேசி ஆறுதல் சொல்லிக்கொள்வதையும் அதே வரிசையில் சேர்க்கிறார். திருவிருந்தின் பக்கத்தில் பேச்சு! சும்மா அரட்டைக்கு அவர் அந்த இடம் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. 1519-ல் திருவிருந்தைப் பற்றிய பிரசங்கத்தில், அன்றைய சகோதரத்துவச் சங்கங்கள் கூடிப் பீர் குடித்துக் கலைவதைக் கிழித்துப் போட்டார். கூடுவது என்றால் அந்தக் காசில் ஒரு மேசை, இரண்டு மேசை ஏழைகளுக்குச் சாப்பாடு போடுங்கள் என்றார். தங்களுக்குள்ளேயே சிரித்துப் பேசிப் புதியவரை ஓரத்தில் நிற்கவைக்கும் ஐக்கிய விருந்தை அவர் பார்த்தால் அதே பிரசங்கம் நமக்கும் கிடைக்கும்.

மேசை ஏன் முக்கியம் என்றால், தேவை அங்கேதான் வெளியே வருகிறது. உதவி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு, எழுதக் கூச்சம். லைஸ்னிக்கின் பத்துப் பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள் என்றால், அவர்களுக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். முகம் தெரியாத சபையில் நிதி வங்கியில் தூங்கும். ஒருவர் "இப்போ வேலை எப்படி?" என்று கேட்டு, மற்றவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே "பரவாயில்லை" என்று சொல்லும் விதத்தில்தான் எனக்குப் பல விஷயம் தெரிந்தது. பிறகு ஆயரிடம் ஒரு வார்த்தை, மறுநாள் ஒரு உறை, யாருக்கும் தெரியாமல்.

எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார். மனைவி இறந்த பிறகு தேநீர் மேசைப் பக்கமே வரமாட்டார். ஆனால் எல்லோரும் போனபின் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போவார். நாலு வாரம் பார்த்துவிட்டு நானும் போய் மறுமுனையிலிருந்து மடக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதம் ஒரு பேச்சும் இல்லை, நாற்காலிச் சத்தம் மட்டும். அப்புறம் ஒருநாள் நடுவில் சந்தித்தபோது, "வீட்டுக்குப் போனால் மத்தியானம் ரொம்ப நீளமாக இருக்கிறது" என்றார். அவர் சபைக்குச் சேவை செய்கிறார் என்று நாங்கள் பட்டியலில் எழுதி வைத்திருந்தோம்.

ஆக, கூட்டத்தில் நின்று பேச வராவிட்டால் நாற்காலிப் பக்கம் போங்கள். கைக்குழந்தையோடு ஐந்து நிமிடம் நின்றால்கூடப் போதும். பெயர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஞாயிறுக்கு ஒரு பெயர். மாமனார் படுத்திருப்பதையும் சொல்லுங்கள். கொடுக்க வந்த இடத்தில் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள், அந்தப் பெட்டி உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம், சம்பளம் வராத மாதத்தில் பை உங்களிடம் வந்தால் ஒன்றும் போடாமல் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுங்கள். எண்ணுகிற அறையில் வந்து விழுந்ததை மட்டும்தான் எண்ணுவோம். யார் கை சும்மா கடந்தது என்று அந்தத் தாளில் எழுத ஒரு கட்டமே கிடையாது.